நான்கு துளை ஓர்சனெல்லி

ஜனவரி 5, வெள்ளி

காலை ஏழு மணிக்குள் பதினோரு பேர் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் எங்கள் பழைய கார் வாட்ஸப் குழுவில் ரகளை. யாரோ ஒரு மங்கலான படத்தைப் போட்டு ‘இது என்ன வண்டி?’ என்று கேட்டிருக்கிறார். ஒருவர் லான்சியா என்கிறார். இன்னொருவர் ஆல்ஃபா ரோமியோ என்கிறார். காரணம் கேட்டால் வண்டி சிவப்பாக இருக்கிறதாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், அம்பாசடரை வெட்டி ஒட்டியது என்று அடித்துச் சொல்கிறார்.

முப்பத்து மூன்று வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்து இத்தாலியக் கம்பெனிகள் கண்காட்சிக்கென்று ஒன்றே ஒன்று செய்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் உடைத்துப் போட்ட முன்மாதிரி வண்டிகள்தான் ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம். கதவுக் கைப்பிடியை மட்டும் காட்டினால் போதும், வருடம் சொல்வேன். இந்தக் குழுவில் அதை மதிக்க ஆள் இல்லை. பதில் எழுதினேன். பனியன்காரர் கட்டைவிரலைக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அது பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

மாலையில் நந்தகோபன் பேசினான். மங்களவேணி மில் குடும்பத்தின் பேரன். மில் மூடி வருடக்கணக்காகிறது. பஞ்சுக் குடோனைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் கார் கிடைத்ததாம். இத்தாலியில் ஒரே ஒரு வண்டியாகச் செய்தது என்று குடும்பத்தில் சொல்வார்களாம். அடுத்த மாதம் கோவையில் நடக்கும் பழைய கார்க் கண்காட்சியில் அதை வைக்க ஆசை. கண்காட்சியில் வண்டிகளைச் சோதித்துப் படிவம் நிரப்புவது நான்தான் என்பதால் முதலில் என்னிடம் வந்திருக்கிறான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வசந்தாமணி சொன்னாள். பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 8, திங்கள்

இப்படியொரு வண்டியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன். நான் சோதித்த வண்டிகளில் ஒன்றைக்கூட நான் மறந்ததில்லை. அது என் சாபம் என்று வசந்தாமணி சொல்வாள்.

இரண்டு கதவு. இடுப்பு உயரம்தான். நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். முன்விளக்குகள் மட்கார்டுக்குள் அமுங்கி உட்கார்ந்திருக்கின்றன. முன்சக்கரத்துக்குப் பின்னால், காற்று வெளியேற இரண்டு பக்கமும் நான்கு நான்கு துளைகள். பின்பக்கம் இன்னும் அழகு: கூரை மெல்ல இறங்கி, டிக்கிக்கு மேல் ஒரு மடிப்பாக நின்று, சட்டென்று வெட்டினாற்போல் முடிகிறது. குடோனில் எலிப்புழுக்கை நாற்றத்தில் நின்றுகொண்டு அதைப் பத்து நிமிடம் பார்த்தேன்.

கதவுக்குக் கீழே படியில் ஒரு பித்தளைத் தகடு: ஓர்சனெல்லி, டூரின். தூசியைத் துடைத்து இன்னொரு முறை படித்தேன். ஓர்சனெல்லி சின்னப் பட்டறை. மற்றக் கம்பெனிகளின் சேசிஸை வாங்கி மேலே பாடி கட்டியவர்கள். ஐம்பத்தேழில் ஃபியட் 1100 சேசிஸ் மீது ஒரே ஒரு இரண்டு கதவுக் கூப்பே செய்து டூரின் கண்காட்சியில் வைத்தார்கள். பிறகு அந்த வண்டி என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியாது. என்னிடமுள்ள புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருக்கிறது.

பானெட்டைத் தூக்கி, நம்பர் மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் பிரிண்ட் எடுத்தேன். ஃபியட் 1100 தான். கை மறக்கவில்லை. டிக்கி திறக்கவில்லை. சாவி தாத்தாவோடு போய்விட்டது என்றான் நந்தகோபன். ஆர்.சி. புக்கைக் கேட்டேன், சித்தப்பா வீட்டில் தேட வேண்டும் என்றான். ஒரு காகிதத்தையும் ஒழுங்காக வைத்திருக்காத குடும்பம்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி, “ஏனுங்க, அந்தக் குழாயைப் பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. நாளைக்குப் பார்த்தால் போயிற்று.

ஜனவரி 10, புதன்

டூரினில் ஓர்சனெல்லியின் பழைய காகிதங்களைக் காப்பவர் லூச்சியா என்ற அம்மாள். இரண்டு வருடமாகக் கடிதத் தொடர்பு உண்டு. அவரிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி, இருபத்தாறு படங்களை இணைத்தேன். மெயில் போகவில்லை. படங்கள் கனமாம். ஒவ்வொன்றாக இருபத்தாறு மெயில் அனுப்பினேன். பதினெட்டாவதில் கரண்ட் போனது.

புத்தகத்துப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு பெண் வண்டியின் முன்மட்கார்டை ஒட்டி, பெரிய பாவாடை உடுத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். காற்றுத்துளைகள் நான்கு தெரிகின்றன. நம் வண்டியிலும் நான்கு. வேறென்ன வேண்டும்? அவசரப்பட்டுக் குழுவில் படத்தோடு சொல்லிவிட்டேன். பனியன்காரர் ‘அம்பாசடர் மாதிரிதான் இருக்குது’ என்று எழுதினார்.

ஜனவரி 13, சனி

பொங்கலுக்கு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு, மூக்கில் தூசி. அந்தக் கோலத்தில் வாசலில் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் ஜெசிந்தா. சிங்காநல்லூரில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். குழுவில் நான் போட்ட மில் வண்டியின் படம் சுற்றிச் சுற்றி அவருடைய போனுக்கும் வந்திருக்கிறது.

மில்லில் இருக்கும் வண்டி இத்தாலி வண்டி இல்லை, அவருடைய அப்பா அருளப்பன் கையால் அடித்த வண்டி என்றார். அருளப்பன் மங்களவேணி மில் பட்டறையில் டிங்கர், அதாவது தகடு தட்டி நிமிர்த்துகிறவர். வயது எண்பத்து நான்கு. பழைய ஃபியட்டின் சேசிஸை வைத்து ஒன்றரை வருடம் தட்டிச் செய்தாராம். முடித்ததும் முதலாளி அதை இத்தாலியிலிருந்து தருவித்ததாக ஊரில் சொல்லிவிட்டாராம்.

எனக்கு எரிச்சல் வந்தது. இப்படி எத்தனை கதை கேட்டிருப்பேன். ஆதாரம் இருக்கிறதா, ஒரு படமாவது, ஒரு வரைபடமாவது என்று கேட்டேன். மில்லைவிட்டு அனுப்பியபோது எதையும் எடுக்க விடவில்லை என்றார். நான் ஆவணத்தை வைத்துத்தான் பேசுவேன் என்றேன்.

“ஆவணத்துலதானுங்க பொய் இருக்குது,” என்றார் ஜெசிந்தா. “கவர்மெண்டே இத்தாலின்னு எழுதிக் குடுத்துப்போட்டுதுன்னு முதலாளி எல்லார்த்துகிட்டயும் காட்டுனாரு. எங்கப்பா நாந்தான் செஞ்சேன்னு சொல்லச் சொல்ல ஊரே சிரிச்சுதுங்க. இன்னிக்கும் எங்க வீதியில அவருக்குப் பேரு இத்தாலி. இத்தாலி ஊட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாத்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.”

புளுகன் என்று பெயர் எடுத்தவரிடம் யார் வண்டியை விடுவார்கள்? சொந்தமாக வைத்த பட்டறை ஒரு வருடத்தில் மூடியது. பிறகு பஸ் பாடி கட்டும் இடத்தில் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்தே காலத்தைக் கழித்திருக்கிறார். இப்போது கண்காட்சியிலும் இத்தாலி என்று பலகை வைத்துவிட்டால் அப்பா புளுகனாகவே செத்துப்போவார், அதற்குத்தான் வந்தேன் என்றார். அழவில்லை. நர்ஸ் நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார்.

பரிசீலிக்கிறேன் என்றேன். ஆபீஸில் ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகச் சொல்லும் வார்த்தை. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குழாய் ஒழுகுகிறது. வசந்தாமணி கீழே குண்டா வைத்திருக்கிறாள்.

ஜனவரி 18, வியாழன்

லூச்சியா அம்மாளின் பதில் வந்தது. இணைப்பும் வந்தது. தலைவலி.

ஜனவரி 19, வெள்ளி

நேற்று எழுதியது போதாது.

லூச்சியா எழுதியது இது. ஓர்சனெல்லி பட்டறைப் பதிவேட்டின்படி அந்த முன்மாதிரி வண்டி அறுபத்தொன்றில் உடைக்கப்பட்டுவிட்டது. அவருடைய ஆவணங்களில் வண்டியின் இடப்பக்கப் படம் ஒன்று பெரிதாக இருக்கிறது. அதில் காற்றுத்துளை ஐந்து. நம் வண்டியில் நான்கு. பின்பக்கமோ அவர்களுடைய எந்த வரைபடத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இல்லை என்றுதான் எழுத நினைத்தாராம். ஆனால் அதற்குள் நந்தகோபன் சித்தப்பா வீட்டில் ஆர்.சி. புக்கைக் கண்டுபிடித்து, நேராக லூச்சியாவுக்கே ஒரு நகல் அனுப்பியிருக்கிறான். அதில் 1984-இல் ஒரு இந்திய அரசு அதிகாரி வண்டியை நேரில் சோதித்து, ‘பாடி ஓர்சனெல்லி, இத்தாலி’ என்று பதிந்திருக்கிறார். நேரில் பார்த்த அதிகாரியின் சொல்லுக்கு மேல் போகத் தனக்குத் தயக்கம், பதிவேடு தவறாக இருக்கலாம், அந்தக் கையெழுத்தை உங்களால் உறுதிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்.

நகலைத் திறந்தேன். 10-2-1984. பச்சை மை. கையெழுத்து என்னுடையதுபோல் இருந்தது.

என்னுடையதுதான்.

ஜனவரி 20, சனி

வருடத்துக்கு எத்தனை ஆயிரம் வண்டி. எல்லாவற்றையும் ஒருவன் நினைவில் வைத்திருக்க முடியுமா? அப்போது அந்த ஆபீஸுக்கு இரண்டே இன்ஸ்பெக்டர்கள். ஒருவர் எப்போதும் மெடிக்கல் லீவில் இருப்பார். தகடு இருந்தது, எழுதினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

வசந்தாமணி ஏன் சாப்பிடவில்லை என்றாள். வெயில் என்றேன். ஜனவரியில் என்ன வெயில் என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

மில்லுக்கு மறுபடி போனேன். நந்தகோபனைக் கூப்பிடவில்லை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, டார்ச்சும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்தேன். எழுபத்திரண்டு வயதில் படுப்பது எளிது, எழுவதுதான் பாடு. மட்கார்டின் உட்புறம் முழுக்கச் சுத்தியல் தடம். அது ஒன்றும் சாட்சி இல்லை. டூரினிலும் சுத்தியலால்தான் அடித்தார்கள். பிறகு இடப்பக்கக் கதவின் உள்ளட்டையைக் கழற்றினேன். தகட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் மேடும் பள்ளமுமாக ஏதோ தட்டுப்பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தேன். சேசிஸ் நம்பருக்குச் செய்வதுபோலத்தான்.

நான்கு எழுத்து வந்தது. இடவலம் மாறி வந்தது. காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்பதன் கடைசி நான்கு எழுத்து.

அந்தக் காலத்தில் மில்லுக்குக் காஸ்டிக் சோடா வந்த இரும்பு டிரம்மின் தகடு இது. அதன் மூடியில் புடைப்பாக அச்சடித்திருக்கும் ஊர்ப்பெயர். அருளப்பன் அதைத் தட்டித் தட்டி மட்டமாக்கியிருக்கிறார், ஆனாலும் தகடு முழுக்க மறந்துவிடவில்லை. டூரினில் மெட்ராஸ் டிரம்முக்கு என்ன வேலை?

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து லென்ஸை வைத்தேன். சிரிக்கிற அந்தப் பெண்ணின் பாவாடை, துளைகள் வரிசையாக முடியும் இடத்தில் ஆரம்பிக்கிறது. ஐந்தாவது துளை பாவாடைக்குப் பின்னால் இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்து வண்டி செய்தவனுக்கு நான்குதான் தெரிந்திருக்கும். வண்டிகளை அடையாளம் காட்டுவதில் புலி என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாவாடையைத் தாண்டி யோசிக்க எனக்குத் துப்பில்லை.

எரிச்சல் எல்லாம் யார்மீது என்று யோசித்தால் வரிசையாக எல்லார்மீதும் இருக்கிறது. நந்தகோபன், அவன் தாத்தா, பனியன்காரர், லூச்சியா அம்மாளின் மரியாதை. என் பெயரை மட்டும் இங்கே எழுதாமல் விட்டேன்.

ஜனவரி 24, புதன்

சிங்காநல்லூரில் ஆட்டோவை விட்டு இறங்கி அருளப்பன் வீடு எது என்று கேட்டேன். தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இத்தாலி வீடு என்றேன். உடனே கையைக் காட்டினார்கள். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஜெசிந்தா டூட்டியில் இருந்தார். அருளப்பன் கட்டிலில் உட்கார்ந்து மிக்ஸி மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டித் தட்டி ஒரு காது போயிருக்கிறது. மற்றக் காதின் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பெயரையும் பழைய உத்தியோகத்தையும் சொன்னேன். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மோட்டாருக்குப் போய்விட்டார்.

எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்றேன். முதலாளி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரே ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாராம். ஒரு பொண்ணு நிற்கும் படம். பின்பக்கம் படத்தில் இல்லையே என்றேன்.

“இல்லீங்க. அது நானே யோசிச்சதுங்க. மூணு தடவை அடிச்சு மூணு தடவை பிரிச்சேன். நாலாவது தடவை சரியா வந்துருச்சு.”

பித்தளைத் தகடு? அதையும் அவரேதான் திருகியிருக்கிறார். முதலாளி நூல் மெஷின் கண்காட்சிக்கு இத்தாலி போனபோது, மூடிப்போன பட்டறையின் சாமான் விற்ற கடையில் வாங்கியது. அழகுக்கு வைக்கலாம் என்றாராம்.

வந்த வேலை முடிந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு நீங்க ஏனுங்க வரலை?”

எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை.

“பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு சொன்னாங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டுக் காத்தால எட்டு மணியில இருந்து வண்டிகிட்ட நின்னனுங்க. முதலாளி என்ன வேணாச் சொல்லட்டும், ஆபீசர் வந்து ஒருக்காப் பாத்தாருன்னா கண்டுபுடிச்சுருவாரு, யாரு செஞ்சதுன்னு கேப்பாரு, அப்பச் சொல்லிக்கலாம்னு நின்னேன். அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் வந்து, எல்லாம் முடிஞ்சுது, கெஸ்ட் ஹவுஸ்லயே கையெழுத்து ஆயிருச்சுன்னு சொன்னாரு.”

இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். அன்று மில் கெஸ்ட் ஹவுஸில் சாப்பாடு. நாட்டுக்கோழி. குடோன் முன்னூறு அடி தூரம்தான், வெயில் என்று போகவில்லை. மில் கிளார்க் சேசிஸ் பிரிண்டைக் காகிதத்தில் எடுத்து வந்தார், தகட்டின் பிரிண்டையும் எடுத்து வந்தார். இரண்டையும் பார்த்தேன். வண்டியைப் பார்க்கவில்லை. ‘நேரில் சோதித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் அப்படிப் போட்ட கையெழுத்து இது ஒன்று மட்டும் இல்லை. நான் சோதித்த வண்டிகளில் ஒன்றைக்கூட மறந்ததில்லை என்பது உண்மை. இதை நான் சோதிக்கவே இல்லை.

அவரிடமும் இதையே சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

“சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

கிண்டல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இல்லை, கிண்டல்தான். வரும் வழியெல்லாம் எனக்கு முகம் சுட்டது.

ஜனவரி 26, வெள்ளி

லூச்சியா அம்மாளுக்கு எழுதினேன். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை நான்கு வரிக்கு மேல் வரவில்லை. அந்த நான்கு வரியையே அனுப்பினேன்.

‘அந்த அதிகாரி வண்டியைப் பார்க்கவில்லை. கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அதிகாரி நான்தான். உங்கள் பதிவேடு சரி, என் பதிவு தவறு.’

பென்சில் பிரிண்டைப் படம் எடுத்து இணைத்தேன். முதல் தடவையிலேயே போய்விட்டது. போக வேண்டாம் என்று நினைக்கும்போது போய்விடும்.

பிப்ரவரி 2, வெள்ளி

நந்தகோபன் வீட்டுக்கே வந்து கத்தினான். அழைப்பிதழ் அடித்துவிட்டார்களாம், ‘உலகில் ஒரே ஓர்சனெல்லி’ என்று. பத்திரிகையிலும் சொல்லியாகிவிட்டதாம். டிரம் எழுத்தைக் காட்டினேன். பாவாடையைக் காட்டினேன். எதையும் பார்க்க மாட்டேன் என்கிறான்.

“நீங்க எழுதுனதை நீங்களே இல்லைன்னு சொன்னா, அப்புறம் எதைத்தானுங்க சார் நம்பறது?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, இது வெளியே தெரிந்தால் உங்களுக்குத்தானே அசிங்கம் என்றான்.

நியாயமான கேள்வி. நான் போனை எடுத்து, அவன் எதிரிலேயே, லூச்சியாவுக்கு எழுதிய நான்கு வரியைத் தமிழில் குழுவில் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை போய்விட்டது. நூற்று எண்பது பேர் பார்த்தார்கள். கடைசியில் பனியன்காரர் மட்டும், ‘சார், தைரியந்தான்’ என்று எழுதினார். அவர்மீது எரிச்சல்பட முடியாமல் போனது பெரிய நஷ்டம்.

நந்தகோபன் வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வசந்தாமணி குழாய்க்குக் கீழிருந்த குண்டாவைக் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு, “நம்ம கண்ணாலத்துக்கு முந்தி என்னையப் பாக்க வந்தீங்களே, அப்பவாவது நெசமாப் பாத்தீங்களா?” என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

லூச்சியா அம்மாள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். நந்தகோபனுக்கும் ஒரு பிரதி. ஓர்சனெல்லி பெயரை இந்த வண்டிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். என்னைத் திட்டவில்லை, அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மிச்சம் இரண்டு பக்கமும் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றி. ஐம்பத்தேழில் செய்த முன்மாதிரி வண்டி உடைக்கப்பட்டதற்குக் காரணமே அதன் பின்பக்கம் சரியாக அமையாததுதானாம். பட்டறையின் பழைய வரைவாளர் ஒருவர், தொண்ணூற்றொரு வயது, உயிரோடிருக்கிறார். அவரிடம் நம் படங்களைக் காட்டினாராம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, நாங்கள் தேடிக் கிடைக்காமல் போனது இதுதான், இதை வரைந்தது யார் என்று கேட்டாராம். பெயரை அனுப்பச் சொல்கிறார்.

பெயரை அனுப்பினேன். முகவரியும் அனுப்பினேன்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்து படித்துக்காட்டினேன். இன்னொரு முறை படியுங்கள் என்றார், படித்தேன். பிறகு, வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 17, சனி

நந்தகோபன் பேசினான். டூரினிலிருந்தே கேட்கிறார்கள் என்றதும் மனசு மாறியிருக்கிறது, அல்லது வீட்டில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வண்டியைக் கொண்டு வருகிறானாம். பலகையில் பதிவு எண் மட்டும் போடுவானாம். செய்தவர் யார் என்பதை உங்கள் படிவத்தில் நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன், தாத்தா பெயரை மட்டும் திட்டி எழுத வேண்டாம் என்றான். அவன் தாத்தாவைத் திட்டும் தகுதி எனக்கு எங்கே இருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். அருளப்பன் எனக்கு முன்னால் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஜெசிந்தா குடையைப் பிடித்திருந்தார். நந்தகோபன் கொஞ்சம் தள்ளி நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். சேசிஸ், எஞ்சின், விளக்கு, பிரேக். கீழே படுத்தேன், இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். காற்றுத்துளைகளை விரல் வைத்து எண்ணினேன். அருளப்பன் ஒவ்வொரு அடியாக என் கூடவே வந்தார். எங்கே எத்தனை தடவை தட்டினார், எங்கே பட்டி போட்டார், எங்கே பட்டியே போடவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். சில இடத்தில் நான் கேட்காமலே நின்று, தடவிப் பாருங்கள் என்றார். தடவிப் பார்த்தேன். பின்பக்க மடிப்பில் கையை வைத்தபோது, டூரின் பெரியவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதை அவருடைய நல்ல காதில் இன்னொரு முறை சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆனது. ‘பாடி செய்தவர்’ என்ற இடத்தில் எஸ். அருளப்பன், டிங்கர், மங்களவேணி மில் பட்டறை என்று எழுதினேன். ‘நேரில் சோதித்தேன்’ என்று எழுதினேன். பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டு போனேன்.

அருளப்பன் என் மணிக்கட்டைப் பிடித்தார். எண்பத்து நான்கு வயதுப் பிடி இல்லை அது.

“டிக்கியைப் பாக்கலீங்களே,” என்றார்.

சாவி இல்லை, திறக்காது என்றேன். எனக்குக் கால் கடுத்தது, வெயில் ஏறிவிட்டது. வண்டியைத்தான் முழுசாகப் பார்த்துவிட்டேனே என்ற எரிச்சல் வேறு. அவர் பின்பக்கம் போய், மூடியின் இடது ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, முழங்காலால் கீழே ஓர் அழுத்து அழுத்தினார். நாற்பது வருடமாகத் திறக்காத டிக்கி திறந்துகொண்டது. நந்தகோபன் போனைக் கீழே இறக்கினான்.

மூடியின் உட்புறத்தில், துருவுக்கு அடியில், கூர் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. துரு மூடியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. அட்டையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

‘எஸ். அருளப்பன் செய்தது. இன்ஸ்பெக்டர் பார்வைக்கு. 10-2-84.’

ஜெசிந்தா அதை இப்போதுதான் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. போன மாதம் நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே என்று அருளப்பனைக் கேட்டேன்.

“சொல்லித்தானுங்க நாப்பது வருசம் ஆச்சு,” என்றார். “நீங்களாத் தொறந்து பாப்பீங்கன்னு இருந்தேன்.”

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அவர் டிக்கி மூடியை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார்.

“இப்பப் போடுங்க,” என்றார்.

அந்த மூடிமேலேயே படிவத்தை வைத்துப் போட்டேன்.